பூஸ்ரர் பூட்டிய அன்ரெனா

ஒரு அன்ரெனா வாங்குவதற்கு இவ்வளவு சண்டை பிடித்த குடும்பம் ரொறன்ரோவில் வேறு இருந்திருக்காது. வீட்டுக்கார அண்ணையோடு சண்டை, கடைக்காரனோடு சண்டை, என் கணவரோடு நாளுக்கு இரண்டு தரம் சண்டை. எனக்குக் கோபம் வருவது லேசு என்று சொல்லுவார்கள். சொல்லட்டும். அந்த இலையுதிர்காலத்தில் கோபப்படாமல் இருந்தவர்களைத்தான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தொண்ணூற்றைந்தின் கடைசி மாதங்கள் அவை. யாழ்ப்பாணத்தில் சண்டை நெருங்க, ஊர் ஊராகச் சனம் முழுவதும் எழும்பி மழைக்குள் நடந்து வெளியேறிய நேரம். நாங்கள் ரொறன்ரோவின் மல்வேர்ன் பக்கம் ஒரு வீட்டின் பேஸ்மன்றில் வாடகைக்கு இருந்தோம். நான், என் கணவர், முந்தைய வருஷம் ஸ்பொன்சரில் வந்து சேர்ந்த அம்மா. அப்பா முன்னமே செத்துப்போனார். தம்பி மட்டும் அங்கே நின்றான். பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். சோதனையை எழுதிவிட்டு வாறன் என்று பிடிவாதமாக நின்றவன். பிறகு சனம் இடம்பெயர்ந்த செய்தி வந்தது. அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு அப்போது போன் கிடையாது. கொழும்பில் இருந்த சொந்தக்காரருக்கும் ஒன்றும் தெரியாது. சாவகச்சேரிப் பக்கம் பள்ளிக்கூடங்கள் எல்லாம் சனம் நிரம்பிக் கிடக்கிறது, கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்கள் பிள்ளையைக் கண்டேன் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அம்மாவுக்கு மிஞ்சியது ரீவிதான். பின்னேரச் செய்தியில், எல்லா நாளும் இல்லை, எப்போதாவது ஒரு நாள், உலகச் செய்தியின் வாலில் எங்கள் சனத்தைக் காட்டுவார்கள். மூட்டையும் முடிச்சுமாய் ஒரு வரிசை. சைக்கிள்கள். மழை. நீங்கள் ஒரு தும்மல் தும்மி முடிப்பதற்குள் அது போய்விடும். அதற்குப் பிறகு மரத்தில் ஏறி இறங்கமாட்டாமல் நின்ற ஒரு பூனையின் கதையை ஆறுதலாகக் காட்டுவார்கள். தீயணைப்புக்காரர் ஏணி வைத்து இறக்குவார்கள். செய்தி வாசிக்கிற பெண் சிரிப்பாள். எனக்கு அந்தப் பூனையை என்ன செய்தால் ஆறும் என்று இருக்கும். பூனை பாவம், அது என்ன செய்யும்.

அந்தக் கொஞ்ச நேரமும் எங்கள் ரீவியில் ஒழுங்காகத் தெரியாது. மேலே இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கிற சின்ன அன்ரெனாதான் எங்களிடம் இருந்தது. பேஸ்மன்ற் என்றால் நிலத்துக்குக் கீழே. சுற்றிவரச் சீமெந்து. அதற்குள் என்ன வந்து சேரும்? கொம்புகளில் சமையலறை அலுமினியத் தாளைச் சுற்றிப் பார்த்தோம். ரீவியை ஜன்னல் பக்கம் இழுத்துப் பார்த்தோம். படம் முழுக்கப் புள்ளி. ஊரில் பெய்கிற மழை எது, ரீவியில் பெய்கிற மழை எது என்று பிரித்தறிய ஏலாது.

அம்மா கதிரையை ரீவிக்கு முன்னால், மூக்கு முட்டுகிற தூரத்தில் போட்டுக்கொண்டு இருப்பார். திடீரென்று எழும்புவார்.

"அந்தா! அந்தா போறான் பிள்ளை! சைக்கிளை உருட்டிக்கொண்டு!"

நான் ஓடி வந்து பார்ப்பேன். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்து போகும். ஆளா, ஆடா, தெரியாது.

"ஓம் அம்மா," என்று சொல்லிவிடுவேன். வேறு என்னத்தைச் சொல்ல?

"வடிவாத் தெரியுதில்லையே. முகம் மட்டும் வடிவாத் தெரிஞ்சா நான் அடிச்சுச் சொல்லிப்போடுவன்."

அன்றிலிருந்து அம்மாவின் வாயில் அந்த ஒரு கதைதான். முகம் வடிவாகத் தெரியவேண்டும். தெரிந்தால் அவன் உயிரோடு இருக்கிறான் என்று அவருக்கு உறுதியாகிவிடும். அதற்கு ஒரு நல்ல அன்ரெனா வேண்டும்.

மேல்வீட்டில் கேபிள் இருந்தது. வீட்டுக்கார அண்ணை எங்கள் ஆள்தான், யாழ்ப்பாணம்தான். பெரிய ரீவி, தோல் சோபா, கையில் எந்நேரமும் ரிமோட். அவருடைய மனைவி நல்ல மனுசி. "அம்மாவை மேல கூட்டிக்கொண்டு வாரும், இஞ்ச வடிவாப் பாக்கலாம்," என்றார். ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சோபாவின் ஓரத்தில் ஒடுங்கி இருந்தார். செய்தியில் எங்கள் சனம் வந்தது. உண்மையிலேயே தெளிவாகத்தான் வந்தது. அம்மா முன்னால் குனிந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணை ரிமோட்டை அமத்தினார்.

"உதையே பாத்துக்கொண்டிருந்தா மனுசருக்கு விசர்தான் பிடிக்கும்," என்றார். திரையில் ஐஸ் ஹொக்கி. ஒருத்தன் இன்னொருத்தனைக் கண்ணாடியோடு சேர்த்து இடித்துக்கொண்டிருந்தான்.

அம்மா எழும்பி, "அப்ப வாறன் பிள்ளையள்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்துவிட்டார். நான் சும்மா வருவேனா? "அண்ணை, உங்களுக்கு இதயம் எண்டு ஒண்டு கிடக்கோ? அவ தன்ர பிள்ளையத் தேடுறா, நீங்கள் பந்து பாக்கிறியள்!" என்று கேட்டேன். "அது பந்து இல்லைத் தங்கச்சி, பக். ரப்பர் வட்டு," என்றார் அந்த மனிதர். கடவுளே! அந்த ரிமோட்டைப் பிடுங்கி அவருடைய வாய்க்குள் வைக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்?

அதற்குப் பிறகு அம்மா மேலே போகவில்லை. வேறு வீடுகளுக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். பார்க்டேலில் பெரியம்மாவின் மகள் வா வா என்று கூப்பிட்டாள். அங்கே போனால் தேத்தண்ணியோடு கேள்வியும் வரும். "தம்பி அங்கால இயக்கத்துக்குப் போயிருப்பானோ?" என்று ஆரும் ஒருவர் கேட்பார். எல்லாரும் ரீவியை விட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

"ஆக்களுக்கு முன்னால இருந்து என்ர பிள்ளையத் தேட என்னால ஏலாது," என்றார் அம்மா.

சரி, கேபிள் எடுப்போம் என்று போனேன். அண்ணை பதறிவிட்டார்.

"ஐயோ தங்கச்சி, அது மட்டும் ஏலாது. கேபிள்காரன் வந்தா கீழ இன்னொரு குடும்பம் இருக்கெண்டு எழுதிப்போடுவான். பேந்து சிற்றிக்காரன் வந்து நிண்டு கதவுக்கு அளவு எடுப்பான்."

பேஸ்மன்றை வாடகைக்கு விட அவரிடம் நகரசபைப் பேர்மிற் இல்லை. எங்களுக்கு என்று தனிப் பெல் கூட இல்லை, கடிதம் எல்லாம் அவருடைய பெட்டிக்குத்தான் வரும்.

"அப்ப உங்கட கேபிளில இருந்து ஒரு வயரை எங்களுக்குக் கீழ இழுத்துவிடுங்கோ."

"சீச்சீ. அது களவெல்லோ?"

களவாக வீடு வாடகைக்கு விடுகிறவர் எனக்குக் களவைப் பற்றிப் படிப்பித்தார். நான் பல்லை நெருமிக்கொண்டு இறங்கி வந்தேன். அன்றைக்கு அவித்த பிட்டில் உப்புக் கூடிப்போனது.

மிஞ்சியது அன்ரெனா. காற்றில் சும்மா வருவதைப் பிடிப்பதுதான். அதற்கு ஆரும் வந்து எழுதத் தேவையில்லை.

என் கணவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊரில் அன்ரெனா பூட்டுவதில் தான் பெரிய ஆள் என்று அவரே சொல்லுவார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இந்தியாவில் இருந்து வருகிற தமிழ் நிகழ்ச்சியைப் பிடிக்கிறதுதான். அது அவ்வளவு தூரத்தில் இருந்து களைத்து விழுந்து வரும். அதனால் கமுகமரத்துக்குச் சமனாகக் குழாயை நிறுத்தி, உச்சியில் அன்ரெனாவைக் கட்டி, அதோடு பூஸ்ரர் ஒன்றும் பூட்டுவார்கள். வருகிற அலையைப் பெருப்பித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி. பூஸ்ரர் இல்லாத வீடே இல்லை. அன்ரெனா என்றால் பூஸ்ரர், பூஸ்ரர் என்றால் அன்ரெனா. அது எங்கள் ஆம்பிளைகளின் இரத்தத்தில் ஊறிவிட்டது.

அந்தக் கிழமை ரொறன்ரோவில் இருந்த தமிழ் ஆம்பிளைகள் அத்தனை பேரும் அன்ரெனா இஞ்சினியர்கள் ஆனார்கள். கணவரின் வேலையிடத்தில் ஒருவர், சாமான் கடையில் ஒருவர், கோயில் வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே ஒருவர். பிக்கரிங்கில் புதுவீடு வாங்கின அவருடைய சிநேகிதர் தினமும் போன் எடுத்தார். தம்பியைப் பற்றிக் கேட்கமாட்டார். "பூஸ்ரர் வாங்கினனியளோ?" என்றுதான் கேட்பார். என்ன விதமான மனிதர்கள் இவர்கள் என்று எனக்குக் கோபம் வரும்.

ஒரு சனிக்கிழமை கடைக்குப் போனோம். பிளாசா ஒன்றின் மூலையில் இருந்த எலெக்றோனிக்ஸ் கடை. விற்பனைக்கு நின்றவன் கழுத்துப்பட்டி கட்டின இளந்தாரி, வாயில் சுயிங்கம். அன்ரெனாக்கள் பின்சுவரில் அடுக்கியிருந்தன. அவன் எங்களை நேரே ஒரு பளபளத்த பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான். கறுப்புப் பெட்டி, பொன் எழுத்தில் 'ஹை டெஃபினிஷன்' என்று போட்டிருந்தது. கீழே ஒரு பெண்ணின் முகம், இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி.

"இதில் ஆட்களின் முகம் தெளிவாகத் தெரியுமா?" என்று என் இங்கிலீஷில் கேட்டேன்.

"மேடம், இனிமேல் வரப்போகிற புது ரீவிக்கே இது போதும். வியர்வைத் துளிகூடத் தெரியும்."

"இப்போது எங்களிடம் இருக்கிற ரீவியில்?"

"இது எதிர்காலத்துக்கு," என்றான்.

"எனக்கு எதிர்காலம் வேண்டாம். வருகிற கிழமை தெரியவேண்டும்."

அவன் சுயிங்கத்தை மற்றக் கொடுப்புக்கு மாற்றினான். பிறகு திரும்பவும் எதிர்காலத்தைப் பற்றியே கதைத்தான். எல்லாம் தெளிவாக வரப்போகிறதாம். ஜன்னலால் பார்க்கிற மாதிரி இருக்குமாம். பக்கத்தில் மண்ணிறப் பெட்டியில் ஒரு சாதாரண அன்ரெனா கிடந்தது. நான் அதைத் திறந்து பார்த்தேன். பிறகு பொன் எழுத்துப் பெட்டியையும் திறந்தேன். அவன் "மேடம், மேடம்" என்றான். இரண்டுக்குள்ளும் ஒரே சாமான். ஒரு நீட்டுத் தண்டு, இரண்டு பக்கமும் மீன் முள்ளு மாதிரி அலுமினியக் குச்சிகள். நான் இரண்டையும் அவனுடைய மேசையில் பக்கம் பக்கமாகப் போட்டேன்.

"எங்கே உன்னுடைய ஹை டெஃபினிஷன்? காட்டு. எந்த முள்ளில் இருக்கிறது?"

மனேச்சர் வந்தார். சனம் திரும்பிப் பார்த்தது. என் கணவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"இஞ்சரும், ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! நல்லா வடிவாப் பாக்கட்டும்!"

எனக்கு அன்றைக்கு அன்ரெனாவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நான் சொன்னதில் பிழை இல்லை என்று பிறகு கண்டேன். ஹை டெஃபினிஷன் அன்ரெனா என்று ஒரு சாதி உலகத்தில் கிடையாது. காற்றில் வருவதைப் பிடிப்பதுதான் குச்சியின் வேலை, தெளிவு என்பது அனுப்புகிறவனிடமும் ரீவியிலும் இருக்கிறது. பல வருஷத்துக்குப் பிறகு அந்தப் புதிய ஒளிபரப்பு ரொறன்ரோவுக்கு உண்மையாகவே வந்தபோது, அதே மீன் முள்ளு அதையும் பிடித்தது. இன்றைக்குச் செய்தி வாசிக்கிறவனின் மூக்கு மயிரை இருந்த இடத்தில் இருந்து எண்ணலாம். யாருக்கு வேண்டும் அவனுடைய மூக்கு மயிர்? எங்கள் சனத்தைக் காட்டின காலத்தில் தெரியாமல் போனது, இப்போது தெரிந்து என்ன!

கடைசியில் மண்ணிறப் பெட்டி அன்ரெனாவை எடுத்தோம். அது என் வெற்றி. ஆனால் என் கணவர் ஒரு பூஸ்ரரையும் தூக்கி மேசையில் வைத்தார். வேண்டாம் என்றேன். "பூஸ்ரர் இல்லாம அன்ரெனா வாங்கினா ஆரும் சிரிப்பினம்," என்றார். கலியாணம் என்றால் இப்படித்தான். அன்ரெனா என் விருப்பம், பூஸ்ரர் அவர் விருப்பம்.

கூரையில் பூட்ட அண்ணை விடவில்லை. ஆணி அடித்தால் ஒழுகுமாம். பின்வளவில் உடுப்புக் காயப்போடுகிற இரும்புக் கம்பம் ஒன்று இருந்தது. அதில் ஒரு குழாயைக் கம்பியால் வரிந்து கட்டி, உச்சியில் அன்ரெனாவை வைத்தார் கணவர். வயர் ஜன்னலால் உள்ளே வந்து, ரீவிக்குப் பின்னால் இருந்த பூஸ்ரருக்குள் போனது. நல்ல குளிர். கையுறை போட்டால் ஆணி திருக ஏலாது, கழற்றினால் விரல் விறைக்கிறது. அவர் வெளியே நின்று திருப்ப, நான் பேஸ்மன்றின் சின்ன ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்க, அம்மா ரீவிக்கு முன்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"வந்திட்டுதோ?" என்று வெளியில் இருந்து கேட்பார்.

"வந்திட்டுதோ அம்மா?" என்று நான் கேட்பேன்.

"வந்தது. இப்ப ஒருத்தருக்கு ரெண்டு தலை."

"ரெண்டு தலையாம்!" என்று நான் கத்துவேன்.

"அப்ப கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பிறன்."

எந்தப் பக்கம் திருப்பினாலும் இரண்டு தலைதான். சில நேரம் மூன்று. ஒரு சனலில் சமையல் போய்க்கொண்டிருக்கும், அதன் அடியில் இன்னொரு சனலின் ஆள் மங்கலாகத் தெரிவான், இரண்டுக்கும் குறுக்கே நெளிநெளியாகக் கோடு ஓடும். கொம்பு அன்ரெனாவில் தெரிந்ததைவிட மோசம். கணவர் பூஸ்ரரின் திருகைக் கூட்டினார். இன்னும் மோசமானது. பிக்கரிங் சிநேகிதரிடம் போனில் கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "இன்னொரு பூஸ்ரர் போட்டுப் பாருங்கோவன்," என்றார். நான் போனைப் பறித்து, "அண்ணை, நீங்கள் போனை வைச்சிட்டுப் படுங்கோ," என்று சொல்லி வைத்தேன்.

விசயம் இவ்வளவுதான். இந்தியா கடலுக்கு அப்பால் இருந்தது, அதனால் ஊரில் பூஸ்ரர் வேண்டியிருந்தது. இங்கே ஒளிபரப்புகிற கோபுரம் டவுன்ரவுனில் வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. வானம் வெளித்த நாளில் எங்கள் பக்கத்து நெடுஞ்சாலைப் பாலத்தில் ஏறினால் கண்ணுக்கே தெரியும். பக்கத்தில் நின்று கதைக்கிறவனின் வாயில் கோயில் ஸ்பீக்கரைக் கட்டினால் காது அடைக்குமா, கதை விளங்குமா? இது அத்தனை அன்ரெனா இஞ்சினியர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு ஒரு நாள் செய்தியின் முடிவில், நாளைக்குப் பின்னேரம் இலங்கையில் இருந்து விவரமான படம் காட்டுகிறோம் என்று சொன்னார்கள். அவர்களுடைய ஆள் அங்கே போய், நடந்து வந்த சனத்தோடு நின்று எடுத்த படமாம். இவ்வளவு நாளும் தும்மல் நேரத்துக்குக் காட்டினவர்கள், இப்போது ஒரு பகுதி முழுக்கக் காட்டப்போகிறார்கள். அம்மா அன்றைக்கு நித்திரை கொள்ளவில்லை. அடுத்த நாள் தலைக்குக் குளித்து, விபூதி பூசி, மத்தியானத்தில் இருந்தே கதிரையில் இருந்தாராம்.

நான் வேலை முடிந்து இரண்டு பஸ் மாறி ஓடி வந்தேன். கீழே இறங்கினால் எங்கள் வீட்டுக்குள் சந்தை. கணவர் ரீவிக்குப் பின்னால் குந்தியிருந்து பூஸ்ரரைத் திருகிக்கொண்டிருக்கிறார். படம் அலைபாய்கிறது. வீட்டுக்கார அண்ணை படியடியில் நின்று, பக்கத்து வீட்டுக்காரன் அந்தக் குழாயைப் பற்றி முறைப்பாடு சொல்லிவிட்டான், இப்போதே கழற்றவேண்டும் என்று பிரசங்கம் வைக்கிறார். செய்தி தொடங்கிவிட்டது. செய்தி வாசிக்கிறவளுக்கு மூன்று தலை. அம்மா இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "கெதியா, கெதியா தம்பி," என்று மருமகனைக் கெஞ்சுகிறார்.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ," என்று அண்ணை தொடங்கினார்.

அவ்வளவுதான். எனக்குக் கண் இருண்டது. சப்பாத்தோடு உள்ளே போய், கணவரைத் தள்ளிவிட்டு, பூஸ்ரரைப் பிடித்து ஒரே இழுவை.

"கோதாரி விழுந்த பெட்டி! கண்டறியாத பூஸ்ரர்!"

"ஐயோ, என்ன வேலை செய்யிறீர்!" என்று கணவர் கத்தினார்.

"படம் போயிட்டுது! பிள்ளை, படம் போயிட்டுது!" என்று அம்மா குழறினார்.

பூஸ்ரர் என் கையில் இருந்தது. அதை அண்ணையின் காலடியில் எறிந்தேன். அன்ரெனா வயரின் முனை மற்றக் கையில் தொங்கியது. அதை என்ன செய்வது என்று ஒரு யோசனையும் இல்லை. அந்த ஆத்திரத்தில் அதை ரீவியின் பின்பக்கத் துளையில் நேரே குத்தினேன்.

படம் வந்தது. ஒரு புள்ளி இல்லை, ஒரு நெளிவு இல்லை. செய்தி வாசிக்கிறவளுக்கு ஒரு தலை. அவளுடைய தோட்டில் இருந்த கல்லும் தெரிந்தது. அண்ணைகூட வாயை மூடிக்கொண்டார்.

பிறகு எங்கள் சனம் வந்தது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒடுங்கிய தெரு, தெரு முழுக்க ஆட்கள். கமரா வைத்திருந்தவன் அவசரப்படவில்லை. வரிசைக்குப் பக்கத்தில் மெதுவாக நடந்துகொண்டே எடுத்திருந்தான். ஒருவர் சைக்கிள் கரியரில் தையல் மெசின் தலையைக் கட்டியிருந்தார். ஒரு பெண் இடுப்பில் பிள்ளையும் கையில் கோழியுமாகப் போனாள். மழைத்தண்ணி அவர்களுடைய நாடியில் இருந்து சொட்டியது தெரிந்தது. நெற்றியில் இருந்த தழும்பு தெரிந்தது. நான் இவ்வளவு கிழமையும் சாம்பலாய்ப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு ஆளாக இருந்தார்கள்.

"அந்தா," என்று அம்மா எழும்பினார்.

நீலச் சேட்டுப் போட்ட பொடியன், சைக்கிளை உருட்டிக்கொண்டு. முதுகு தம்பியின் முதுகுதான். நானும் ரீவிக்குக் கிட்டப் போனேன். அவன் தலையைத் திருப்பினான். மேலுதட்டில் பூனைமயிர், கன்னத்தில் பரு. வேறு ஒரு தாயின் பிள்ளை.

அம்மாவின் விரல் கீழே இறங்கியது. பிறகு இன்னொருத்தனைக் காட்ட எழும்பியது. அவனும் கமராவைப் பார்த்தான். பிறகு இன்னொருத்தன். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. ஒருத்தனைக்கூடச் சந்தேகப்பட இடம் விடவில்லை.

"உவன் இல்லை," என்றார் அம்மா. "உவனும் இல்லை." பிறகு திரும்பக் கதிரையில் இருந்தார்.

முடிந்தது. சோப்பு விளம்பரம் வந்தது. அண்ணை தொண்டையைச் செருமினார்.

"நல்ல கிளியரா இருக்கே தங்கச்சி. எங்கட கேபிளைவிடக் கிளியர். என்ன அன்ரெனா?"

நான் அவரை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத ஏலாது. படியால் ஏறிப் போய்விட்டார். கணவர் பூஸ்ரரை எடுத்துத் துடைத்து, "உதுதான் அப்ப பிழை," என்றார், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி. அவரிலும் பாய்ந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்தார்.

அம்மா கதிரையில் இருந்தபடியே இருந்தார்.

"பிள்ளை," என்றார். "உந்தப் பெட்டியத் திரும்பப் பூட்டு."

அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். "அம்மா, அதாலதான் இவ்வளவு நாளும் படம் குழம்பினது. அது வேண்டாம்."

"எனக்குத் தெரியும். பூட்டு."

"விசரே உங்களுக்கு? இப்பதானே வடிவாத் தெரியுது! வடிவாத் தெரியவேணும், வடிவாத் தெரியவேணும் எண்டு நீங்கள்தானே நிண்டனீங்கள்! இதுக்குத்தானே நான் ஊர் முழுக்கச் சண்டை பிடிச்சனான்!"

"ஓம். வடிவாத்தான் தெரியுது," என்றார் அம்மா. "முந்தி நான் அவனைக் கண்டனான். இப்ப காணேல்லை."

எனக்கு ஆரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இவ்வளவு நாளும் கைக்கு எட்டின தூரத்தில் ஆராவது ஒருவர் இருந்தார்கள். கடைக்காரன், வீட்டுக்காரன், கணவர், மரத்தில் நின்ற பூனை. அன்றைக்கு ஒருவரும் இல்லை. ரீவிக்குப் பின்னால் குந்தி, வயரைப் பிடுங்கி, அந்தச் சனியனைத் திரும்பப் பூட்டினேன். அது இரண்டு தரம் நழுவியது. திருகை நானே கடைசி மட்டும் கூட்டிவிட்டேன். சோப்பு விளம்பரத்தின் மேல் நெளிவு ஓடத் தொடங்கியது. அம்மா கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

தம்பியைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் வரவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. நாங்கள் கேட்காத ஆள் இல்லை, விசாரிக்காத இடம் இல்லை. சனம் எல்லாம் ஊருக்குத் திரும்பின காலத்திலும் அவன் எங்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

அடுத்த கிழமைச் செய்தியில் எங்கள் சனத்தைக் கொஞ்ச நேரம் காட்டினார்கள். அம்மா அவனைக் கண்டார். நனையாமல் குடை பிடித்துக்கொண்டு போகிறான் என்று சொன்னார்.